ஈரம் ஏறிய போர்டு

ஐப்பசி 14, புதன், இரவு

ஆபத்து நேரத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவியை எங்கள் கம்பெனி மீனவர்களுக்காகச் செய்கிறது. அதன் ஆண்டெனா சர்க்யூட் போர்டிலேயே அச்சாகிறது. அதற்கு ஈரம் ஏறாத டெஃப்லான் ஷீட்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அது வரத் தாமதமானதால், முதல் பத்துக் கருவிகளை முதலாளி ஈரம் ஏறக்கூடிய சாதாரண கிளாஸ் எபாக்சி ஷீட்டில் செய்யச் சொன்னார். "டெஸ்ட்ல பாஸ் ஆயிருச்சுல்ல, கையெழுத்துப் போடுங்க" என்றார். ஏசி அறையில் பாஸானதுதான். போட்டுவிட்டேன்.

விற்காமல் மிஞ்சிய ஒன்றை நேற்று உப்புநீர் ஆவியில் வைத்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் போர்டில் ஈரம் ஏறி ஆண்டெனாவின் அலைவரிசை நகர்ந்திருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, தகவல் மட்டும் போவதில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "அடுத்த லாட்ல மாத்திக்கலாம். இப்ப யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. கருவி வாங்கிய ஒன்பது பேருக்கும் சாயங்காலமே போன் செய்தேன். எட்டுப் பேர் கரையில் இருந்தார்கள்.

கோட்டைப்பட்டினம் ஹாஜா பாய் வீட்டில் அவர் மனைவி எடுத்தார். "அவுக காலையிலயே கடலுக்குப் போயிட்டாகம்மா. புது மெசினு இருக்கு, இன்னைக்குக் கொஞ்சம் தூரமாப் போறேன்னாக. இங்கிட்டுக் காத்து வேற பலமா இருக்கு. எதுக்குக் கேக்குறீங்க?"

"அந்த மெசினை நம்ப முடியாதுக்கா. நான்தான் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"இதை அவுகளுக்கு இப்ப யாரும்மா போய்ச் சொல்றது?" என்றார்.

மற்ற படகுக்காரர்கள் அவரை வயர்லெஸில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். மணி ஒன்றாகிறது. இன்னும் பதில் வரவில்லை.