அவருக்குப் புரியாமல் நீ சொன்னது

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் யாரோ தைலக் குப்பியைத் திறந்தார்கள். பஸ் ஏறினாலே உனக்குத் தலை சுற்றும், நெற்றியில் தைலம் இல்லாமல் உன்னை நான் பார்த்ததே இல்லை. வாசனை வந்ததும் பழக்கத்தில் ஜன்னல் பக்கமிருந்து நகர்ந்து உனக்கு இடம் விட்டுவிட்டேன். ஹெப்பாள் மேம்பாலம் முழுக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனேன்.

நேற்று உன் பேச்சை மீறிவிட்டேன். திட்டுவாய், தெரியும். திட்டுவதற்கு முன் முழுக்கக் கேள்.

இந்த இங்கிலீஷ் பைத்தியம் முதலில் உனக்குத்தான் பிடித்தது. நம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனுக்குப் புது மேனேஜர் வந்து எல்லோரையும் இங்கிலீஷில் விளாசிக்கொண்டிருந்த சமயம். "என்ன திட்றாருன்னே தெரியாம தலையாட்டிட்டு வர்றோமேடி, வெக்கமா இல்ல? திட்டு வாங்கினாலும் புரிஞ்சு வாங்கணும்" என்றாய். உன் போனில் தினம் ஒரு வார்த்தை வரும். லிங்கராஜபுரத்தில் ஏறினால் பீன்யா வரைக்கும் அதே பாடம். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏனம்மா, இங்கிலீஷ் கிளாஸ் ஷுரு ஆய்தா?" என்று, வகுப்பு ஆரம்பமாச்சா எனக் கன்னடத்தில் கிண்டல் செய்வார். நீ சும்மா விடுவாயா? "ஆய்து அண்ணா, நீவூ பன்னி" என்று அவரையும் வகுப்புக்குக் கூப்பிடுவாய்.

தனி வார்த்தைகள் எப்படியோ மண்டையில் ஏறின. இரண்டு சேர்ந்து வருகிறவைதான் நம்மைப் படுத்தியெடுத்தன. 'டேக்' தெரியும், 'ஆஃப்' தெரியும். இரண்டும் கல்யாணம் செய்துகொண்டால் வேறு ஆளாகிவிடும். விமானம் கிளம்பியது என்று போனில் உதாரணம் வந்தது. "நீயும் நானும் எந்த விமானத்துல ஏறினோம்? இன்னிக்கு நெஜமா நடந்ததைச் சொல்லு, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றாய். அன்றிலிருந்து அதுவே நம் சட்டம். பொய் வாக்கியம் கூடாது. முதல் வாக்கியம் உன்னுடையது. "ஐ டுக் ஆஃப் மை செப்பல். இட் இஸ் பைட்டிங்." குனிந்து பார்த்தேன். சத்தியமாகக் காலில் செருப்பு இல்லை.

உண்மையைத்தான் சொல்ல வேண்டுமென்றால் எத்தனை நாள் செருப்பையும் தீர்ந்துபோன கேஸ் சிலிண்டரையும் சொல்லிக்கொண்டிருப்பது? பொறுத்துப் போவதற்கு 'புட் அப் வித்' என்று வந்த அன்று என் வாய் தானாகத் திறந்தது. "எவ்ரி டே ஐ புட் அப் வித் மை மதர் இன் லா." சொல்லிவிட்டுப் பயந்து சுற்றிப் பார்த்தேன். பஸ்ஸில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, புரிந்தவர்களும் பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தாய். பெற்ற தாயிடம்கூட அதை நான் தமிழில் சொன்னதில்லையடி. அதற்குப் பிறகு நாம் எதைத்தான் சொல்லாமல் விட்டோம்!

ஒருநாள் 'கெட் ஓவர்' வந்தது. நோயிலிருந்து மீள்வதற்கும் அப்படிச் சொல்லலாம் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். சிக்னலில் பஸ் நின்றிருந்தது. நீ ஜன்னலைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் சொன்னாய்: "டாக்டர் சேஸ் ஐ வில் நாட் கெட் ஓவர் திஸ்." முன் சீட்டுப் பெண் திரும்பி, "சூப்பர்க்கா, எவ்ளோ ஃபாஸ்ட்டா பேசறீங்க" என்றாள். உன் முகத்தை என் பக்கம் திருப்பி, "யூ வில் கெட் ஓவர்" என்றேன்.

"பொய் வாக்கியம்டி" என்றாய். பஸ் கிளம்பியதும் குரலைத் தாழ்த்தினாய். "அவருகிட்ட இன்னும் சொல்லல. மனுஷன் தாங்க மாட்டாரு."

தாங்கினார். உன் வீட்டுக்காரரைப் போல வாயில் இனிப்பே இல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டும்போதும், "வாயைத் தெற, எத்தன வாட்டி சொல்றது" என்று அதட்டித்தான் ஊட்டினார். கடைசி நாள் மத்தியானம் நான் வந்திருந்தேன். அவர் உன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நீ அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ஹி இஸ் லுக்கிங் ஆஃப்டர் மீ வெரி வெல். ஐ நெவர் டோல்ட் ஹிம்." குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

அவர் டம்ளரைக் கழுவப் போனதும், "நான் சொல்லிடறேன்டி" என்றேன்.

"அய்யோ பேடா, வேணாம்டி! சொல்லித் தொலைக்காத. தலை மேல ஏறி உக்காந்துக்குவாரு."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அவர் டம்ளரும் கையுமாக வந்து நின்று நம்மை மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

நேற்று சாயங்காலம் லிங்கராஜபுரம் ஸ்டாப்பில் இறங்கினால் அவர் நிற்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காத. அன்னிக்கு ஆஸ்பத்திரில இங்கிலீஷ்ல என்னைப் பத்தித்தான பேசினீங்க? ரெண்டு பேரும் சிரிச்சீங்க, அழுதீங்க. என்ன கொறை சொன்னா? எதுவா இருந்தாலும் சொல்லிடும்மா. கோவத்தோட போயிட்டாளோன்னு நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

அதற்கு மேல் உன் பேச்சை எப்படியடி மீறாமலிருப்பேன்? நீ சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். விழித்தார். தமிழில் சொன்னேன். "நீங்க அவளை ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்களாம் அண்ணா. உங்ககிட்ட ஒரு நாளும் அதைச் சொன்னதில்லையாம்."

"என் மனசு ஆறணும்னு சொல்ற."

"இல்லண்ணா. அந்த இங்கிலீஷ்ல நாங்க பொய் பேசறதில்ல" என்று சொல்லி, நம் சட்டத்தைச் சொன்னேன். அந்தச் செருப்புக் கதையையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "நல்லாப் பாத்துக்கிட்டிருந்தா போயிருப்பாளா தங்கச்சி?" என்று, வண்டிகளும் சனங்களும் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டோரத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

அழுது ஓய்ந்து, கிளம்புகிற மாதிரி ரெண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "அதை இன்னொரு தடவ சொல்லு. தமிழ்ல வேணாம். அவ எப்படிச் சொன்னாளோ, அப்படியே."

உன்னைப் போல நான் எப்படிச் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. 'வெரி'யை நீ இழுக்கிற இழுப்பு, 'வெல்' சொல்வதற்கு முன் மூச்சு வாங்குகிற இடம், எல்லாம் தானாக வந்தது. வராமல் எங்கே போகும்? இந்தப் பாஷையில் நான் பேசிப் பழகியதே உன் ஒருத்தியிடம்தானே. மேனேஜரிடம் பேசினாலும் சரி, இனி யாரிடம் பேசினாலும் சரி, என் இங்கிலீஷில் வருவது உன் குரல்தான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்த பிறகும் திறக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார்.