தவசியைப் போல ஒருவர்

திருப்பூர்
12-12-1966

அன்புள்ள அம்மாவுக்கு, பெருமாள்சாமி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

என்னோடு படித்த தவசி காய்ச்சலில் இறந்த செய்தியை எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் அவனைப் போலவே தோளைச் சாய்த்து ஒருவர் நடந்துபோனார். அவனில்லை என்று தெரிந்தும் பின்னாலேயே பஸ் ஏறி அவிநாசிவரை போய்விட்டேன். லீவு நாள்தான், பயப்படாதீர்கள்.

இறங்கியதும் அவர் திரும்பி, "ஏனுங்க, என்னையப் பாக்கவா வந்தீங்க?" என்றார்.

"இல்லைங்க, எங்க ஊர்க்காரர்னு நெனச்சேன்."

"அதுக்கென்னுங்க, வாங்க டீ குடிக்கலாம்."

இங்கு வந்தபின் யாரோடும் உட்கார்ந்து டீ குடித்தது அன்றுதான்.

நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பனியன் கம்பெனியில் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள், முடிக்கிறேன். வரும் பொங்கலுக்கு நான் ஊருக்கு வரப்போவதில்லை, கோபிக்காதீர்கள். நம் ஊரில் பஸ் நிற்பது தவசி வீட்டு வாசலில்தானே.

உங்கள் மகன்,
பெருமாள்சாமி