உன் அப்பாவின் நெஞ்சும் மாடிப் புறாக்களும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் பக்கத்து அறையில் இருமுகிற உன் அப்பாவே சிரிப்பார், அதனால் முக்கால்வாசிப் பேர் நலம். நீ முழுசாக நலமாயிரு.

போனில் உன்னோடு நாலு வார்த்தை பேசிவிட்டு அவர் என்னிடம் கொடுத்துவிடுவது பாசக் குறைவால் இல்லை, மூச்சு வாங்குவதால்தான். உன் சித்தப்பாவுக்கும் இருமல், தனக்கும் இருமல், இரண்டும் ஒரே சரக்கு என்று தானே முடிவுகட்டி, தம்பியின் இன்ஹேலரை இவரும் இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பங்கு பிரிக்கும்போது இந்த ஒற்றுமை எங்கே போயிற்றோ. கடைசியில் இருவரையும் நெஞ்சு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். சித்தப்பாவுக்குக் காலையில் கொத்தாகச் சளி, பீப்பாய் மாதிரி நெஞ்சு, உதட்டைக் குவித்து ஊதுகிற மூச்சு, உள்ளே விசில், எல்லாம் சிகரெட்டின் கைங்கரியம் என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்குச் சளியுமில்லை விசிலுமில்லை, வெறும் வறட்டு இருமல். முதுகின் அடியில் குழாயை வைத்துக் கேட்டவர், மூச்சை இழுக்கும்போது பையின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வருகிறது என்றார். விரல் நுனி உருண்டு நகம் வளைந்திருப்பதையும் காட்டினார். இத்தனை வருஷம் பிடித்த கை, எனக்குத் தெரியவில்லை பார். "வீட்ல பறவை ஏதாவது வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். "அந்தப் பழக்கமே கிடையாதுங்க" என்றார் உன் அப்பா. டாக்டரம்மா அவர் காலரிலிருந்து ஒரு புறா இறகை எடுத்து மேசைமேல் வைத்தார். சித்தப்பா சிரித்துச் சிரித்து இருமி, நர்ஸ் ஓடிவரும்படி ஆகிவிட்டது.

ஸ்கேனில் நுரையீரல் தழும்பேறியிருப்பது தெரிந்தது. ஏறினது மாறாது, புறாத் தூசி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மிச்சமும் கெட்டியாகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்து, நானா புறாவா சொல்லுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அந்த மனுஷன். மறுநாள் காலை, புறா வளர்க்கிற நம் தெருச் சலூன்காரரை வரச்சொல்லிக் கூண்டோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பல நாள் என்னோடு பேச்சே இல்லை. நேற்றுக் குழம்பில் உப்பில்லை என்று ஆரம்பித்து, என் தாய்வீடு வரைக்கும் போய், நடுவில் எங்கேயும் நிற்காமல் திட்டி முடித்தார். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போன் செய்யும்போது புறாப் பேச்சை எடுக்காதே. இருமல் வந்தால் அடுத்தவர் மருந்தைத் தொடாதே, டாக்டரிடம் போ. நீண்ட ஆயுளோடும் நல்ல மூச்சோடும் இரு, என் கண்ணே.

உன் அம்மா