பொட்டு வைத்த ஊஃபர்

அண்ணா,

உன் ஒலிபெருக்கிப் பெட்டி போய்விட்டது. கீழே நிலவறையில் அது நின்ற மூலையை இன்று கூட்டினேன். மரத்தூளும் பசையும் கலந்த மணம் அங்கே இன்னும் இருக்கிறது. நீ பலகை அறுத்த நாட்களில் உன் சட்டையில் வந்த அதே மணம். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். உயிரோடு இருந்தபோது உன்னை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டேன். அம்மா அப்படிப் பழக்கியிருந்தார். இனி அது தேவையில்லை.

பேர்லினின் நொய்கெல்னில், எங்கள் வீட்டு மேசையில் சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமிருக்காது. சொந்தமாக ஒலிபெருக்கி கட்டுகிறவர்களுக்கான ஜெர்மன் சஞ்சிகைகள் பரவிக் கிடக்கும். அவற்றிலுள்ள சொற்களை நீ முதலில் என்மேல்தான் பரீட்சித்துப் பார்த்தாய். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி எவ்வளவு சத்தம் கேட்கும் என்பது உணர்திறன். "இவளுக்கு அது சைபர். நூறு வாட் குடுத்தாலும் ஒரு சொல்லு வராது" என்றாய். ஒலிபெருக்கியின் நடுவில் ஆடுகிற கூம்பான கோனை ஒருமுறை தட்டிவிட்டால் அது எவ்வளவு கெதியில் ஆடி அடங்கும் என்பதைச் சொல்கிற இலக்கத்துக்குக் கியூ என்று பெயர். கியூ கூடினால் அடங்க நேரம் எடுக்கும். நான் அழுதால், "பாருங்கோடா, கியூ கூடின சாமான். இனிப் பின்னேரம் வரைக்கும் ஆடும்" என்பாய். உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சில நேரம் நானும் சிரித்தேன். பகிடி நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்தச் சொற்களை யாரும் படிப்பிக்கவில்லை. என்மேல் எறிந்த கல்லை வைத்து அதன் பாரம் தெரிவதுபோல் விளங்கிக்கொண்டேன்.

நீ பெட்டி கட்டத் தொடங்கிய அந்த ஆண்டில்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இங்கே வகுப்பில் கை உயர்த்திப் பேசினால்தான் பாதிப் புள்ளி. எழுத்தில் தப்பினேன், வாயில் விழுந்தேன். ஆசிரியை எல்லாப் பெற்றோரையும் போல அம்மாவையும் கூப்பிட்டு, "உங்கள் மகள் இந்த வகுப்பில் இருக்கிறாளா என்றே எனக்குச் சந்தேகம்" என்றார். நீதான் அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தாய், ஒரு சொல்லும் விடாமல். பதினாறு வயதில் சான்றிதழ் இல்லாமல் வெளியே வந்து அம்மாவோடு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போனேன். அம்மா அழுதார். "ஏன் அழுகிறியள்? வாளியோட கதைக்கத் தேவையில்லைத்தானே" என்றாய் நீ.

ஆனால் ஊஃபர் வந்தபோது உனக்கு நான் தேவைப்பட்டேன். தவில்போன்ற கனத்த சத்தத்துக்கான, அகலமான கோன் வைத்த இரண்டு ஒலிபெருக்கிகள். ஒன்றை மட்டும் பிரித்து மேசையில் வைத்தாய். பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் பேசியாகியிருந்தது. மண்டபத்துக்கு ஒலி உன்னுடையது என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாய். அது சரிவந்தால் பேர்லினில் நடக்கிற கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாம் உன் கைக்கு வரும். பிறகு யாரிடமும் வேலைக்குப் போகத் தேவையில்லை. அது மட்டும்தான் உனக்கு வேண்டியிருந்தது. அது எனக்கும் தெரியும்.

எந்தக் கோனுக்கும் அது தானாக விரும்பி ஆடுகிற ஒரு சுரம் உண்டு. ஒத்ததிர்வு என்பது அதுதான். கணினியிலிருந்து நீ ஒலியின் சுருதியை மெல்ல மெல்ல ஏற்றுவாய். அந்தச் சுரம் வரும்போது கையளவு மீற்றரில் இலக்கம் உச்சத்துக்குப் போய் இறங்கும். மீற்றரைப் பார்ப்பது என் வேலை. "உச்சிக்கு வரேக்க 'இப்ப' எண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தான். ஏலுமோ?" என்றாய். சொன்னேன். திரும்பத் திரும்ப ஏற்றினாய். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் சொன்னேன். நீ ஒரு பகிடியும் விடவில்லை. அது உன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் சரசுவதி பூசை. அம்மா படத்துக்கு முன்னால் உன் சஞ்சிகைகளை அடுக்கி, ஊஃபரையும் தூக்கி வைத்தார். "உன்ர புத்தகம் எங்கை?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நீயே துடைப்பத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்தாய். அம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, ஊஃபரின் நடுவில் இருக்கிற குமிழில், பெருவிரலால் அள்ளி அப்பினார். நடுவில் குங்குமம். அப்பா செத்த நாள்தொட்டுத் தன் நெற்றியில் வைக்காத பொட்டை எல்லாம் சேர்த்து அதில் வைத்ததுபோல் இருந்தது. "ஆரும் அழிக்கக் கூடாது. கல்யாணம் முடியட்டும்" என்றார்.

"சாமியார் ஊஃபர்" என்றாய். ஆனால் அழிக்கவில்லை.

மறுநாள் இரண்டாம் அளவு. காய்ந்த பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு யூரோக் காசைக் களிமண்ணால் ஒட்டினாய். பாரம் ஏறினால் சுரம் இறங்கும். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், கோன் எவ்வளவு இளக்கமாகத் தொங்குகிறது என்று கணக்குப் போடலாம். அதை லீட்டரில் சொல்வார்கள்: இத்தனை லீட்டர் காற்று எவ்வளவு விறைப்போ இந்தக் கோனும் அவ்வளவு விறைப்பு என்று. அதற்குப் பெயர் ஒத்த காற்றளவு. அந்த இலக்கத்திலிருந்துதான் பெட்டியின் அளவு வரும்: கோன் இளக்கமானால் பெட்டி பெரிது. நீ ஏற்றினாய். நான் "இப்ப" என்றேன். கணக்கு வந்ததும், "அம்மாடி, இவ்வளவு பெரிய பெட்டியோ" என்று சந்தோசப்பட்டாய்.

கல்யாண மண்டபத்தில் உன் பெட்டிகள் இரண்டும் மேடைக்கு இரண்டு பக்கமும், கறுப்புத் துணி போர்த்து, ஆள் உயரத்தில் நின்றன. மந்திரம் நன்றாகக் கேட்டது. கதைக்கிற குரலுக்குக் கோன் அதிகம் ஆடத் தேவையில்லை. பிறகு ஐயர் கையைத் தூக்கினார். நீ கெட்டிமேளத்துக்கான சீடியைப் போட்டு முழுதாகத் திறந்தாய். தவில் இறங்கியது. பெரிய பெட்டிக்குள் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றுக்குப் பலம் போதவில்லை. இடப்பக்கத்தில் டக், டக் என்று இரும்பில் சுத்தியல் அடிப்பதுபோல் கேட்டது. பிறகு ஒரு கருகல் மணம். நீ பாய்ந்து ஒலியை முழுதாக நிறுத்தினாய். பிறகு மண்டபம் முழுவதும் அமைதி. மாப்பிள்ளையின் கையில் தாலி. ஒரு குழந்தை இருமியது எல்லாருக்கும் கேட்டது.

"என்னடா, நேரம் பாத்து நிப்பாட்டிப்போட்டாய்! ஆரின்ர பிழை?" என்று பெரியம்மா கத்தினார்.

நீ இடப்பக்கப் பெட்டியைப் பார்த்தாய். பிறகு வலப்பக்கத்துக்கு ஓடி, துணியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு மூடினாய். அதுவும் கிழிந்துவிட்டதா என்று பார்க்கிறாய் என்று நினைத்தேன். பிறகு சனங்கள் இருந்த பக்கம் திரும்பினாய். பிறகுதான் என்னைப் பார்த்தாய்.

"இவள்தான். மீற்றர் வாசிக்கச் சொன்னனான். நித்திரை கொண்டுகொண்டு பிழையான இடத்தில சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடம் முடிக்காததை நம்பினது என்ர பிழை."

வயர்ச் சுருள் கையில் இருக்க, நான் மேடை ஓரத்தில் நின்றேன். எத்தனை முகம் திரும்பியது என்று எண்ணவில்லை. வயரை இன்னொருமுறை சுற்றத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு உன்னை யாரும் கூப்பிடவில்லை. வேறு ஒலிக்காரருக்கு வான் ஓட்டப் போனாய். அவர்களுடைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மழையில் திரும்பி வரும்போது வான் பெருந்தெருவில் புரண்டது. செத்த வீட்டில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆனால் வந்தவர்களிடம், "இவள் அண்டைக்கு ஒழுங்கா வாசிச்சிருந்தால் என்ர பிள்ளை ஏன் மற்றவன்ர வான் ஓடப் போறான்" என்றார். பிறகு தொலைபேசியிலும் சொன்னார். கடையிலும் சொன்னார். தமிழ்க் கடையில் மரக்கறி எடுக்கும்போது, "இதுதானே அந்தப் பிள்ளை" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

நீ செத்து ஒரு வருடம் முடிகிற ஆட்டத்திவசத்துக்கு முன்னால் நிலவறையை ஒதுக்க வேண்டும் என்று அம்மா சொன்னதால், மிச்சமிருந்த வலப்பக்க ஊஃபரை வாங்க உன் கூட்டாளி ஒருவர் வந்தார். எங்கள் மேசையில் உட்கார்ந்து அதிகம் சிரித்தவர். நான் துணியைக் கழற்றினேன். பொட்டு அப்படியே இருந்தது, வெடித்து, மஞ்சள் ஓடுபோல். ஈரத் துணி வைத்ததும் ஒரே கட்டியாகக் கையில் விழுந்தது. பாரமாக இருந்தது. மேலே கொண்டுபோய்ச் சமையல் தராசில் வைத்தேன். ஒரு யூரோக் காசையும் வைத்தேன். பொட்டு காசின் பாதிப் பாரம்.

அங்கேயே நின்றுகொண்டு விளங்கிக்கொண்டேன். முதல் அளவில் பொட்டு இல்லை. இரண்டாம் அளவில் இருந்தது. நீ காசின் பாரத்தை மட்டும் கணக்கில் போட்டாய். கோன் இரண்டையும் சுமந்தது. சுரம் கூடுதலாக இறங்கியது. கோன் இருந்ததைவிட இளக்கம் என்று கணக்குச் சொன்னது. அதனால்தான் அவ்வளவு பெரிய பெட்டி. நான் சரியான இடத்தில்தான் "இப்ப" சொன்னேன், அண்ணா.

கீழே போய் உன் கூட்டாளியிடம் சொன்னேன். ஒரு ஆணிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கட்டியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சரிதான் தங்கச்சி. ஆனா ஒண்டு. கோனில ஒரு துளி பசை கூடப் பட்டாலும் கணக்கு மாறும் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே உன்ர அண்ணன்தான். துணியைத் தூக்கிப் பாத்தவனுக்கு இது விளங்காமலோ போயிருக்கும்?"

காசைத் தந்துவிட்டு ஊஃபரையும் வெறும் பெட்டியையும் வானில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது, "அம்மாட்டக் கேக்காத. கேட்டு என்ன வரப்போகுது" என்றார்.

கேட்டேன். அம்மா லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டியை வெட்டுப் பலகையில் வைத்தேன். கத்தி நிற்கவில்லை. நான் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை வெட்டினார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப?"

"மண்டபத்திலயே. துணியைத் தூக்கிப் பாத்திட்டு என்னைத்தான் முதல்ல பாத்தவன். என்ர பொட்டைச் சொல்ல வாயைத் திறக்கப் போனான். நான் தலையை ஆட்டினன், வேண்டாம் எண்டு." கத்தியைக் கழுவினார். "தாலி கட்டுற நேரம் மேளம் நிண்டது. புருசன் செத்தவள் வைச்ச பொட்டாலதான் எண்டு தெரிஞ்சால் என்னை இனி ஒரு வாசலில ஏத்துவினமோ? சொல்லு."

"அதுக்கு நானோ?"

"நீ திருப்பிக் கதைக்கமாட்டாய் எண்டு அவனுக்குத் தெரியும்."

"நீங்கள் பிறகும் சொன்னீங்கள். கடையிலயும் சொன்னீங்கள்."

"சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாப் போச்சு" என்றார். லீக்ஸைச் சட்டியில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உப்புப் போட்டனானோ?" என்று கேட்டார்.

அன்றைக்கு நீ முதலில் அம்மாவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அந்த இடைவெளியில்தான் முடிவு எடுத்தாய். அதைத்தான் நான் இத்தனை நாளும் யோசிக்கிறேன். அம்மாவைக் காப்பாற்றினாய். அது தெரியும். அதற்கு எவ்வளவு யோசித்தாய் என்றுதான் தெரியவில்லை. யோசித்ததுபோல் உன் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் முடிக்காதது என்ற அந்தச் சொல்லையும் யாரும் உன்னிடம் கேட்கவில்லை. அது தேவைக்கு மேலே நீயாகப் போட்டது.

போன ஞாயிறு உன் ஆட்டத்திவசம். பெரியம்மா வந்தார். சாப்பாட்டுக்கு எல்லாரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம், கடதாசித் தட்டுகளோடு. உன் படத்தைப் பார்த்துப் பெரியம்மா தொடங்கினார். "கெட்டிக்காரப் பெடியன். இந்தப் பிள்ளை மட்டும் அண்டைக்குச் சரியா வாசிச்சிருந்தால்…" அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கையில் பாயாசச் சட்டி இருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு குனிந்து, மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட ஒரு அகப்பை கூட என் தட்டில் ஊற்றினார். "சாப்பிடு பிள்ளை" என்றார்.

முந்திரி எல்லாம் எனக்குத்தான் விழுந்திருந்தது. ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.