பெட்டியில் வைக்க ஒரு ஃப்ளாஸ்க்

அன்புள்ள உங்களுக்கு,

இன்று எழுந்ததும் புது ஃப்ளாஸ்கில் வெந்நீரை ஊற்றி, வெளியே சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? பழைய கண்ணாடி ஃப்ளாஸ்க் கைதவறி உடைந்தபோது வெந்நீர் பட்டு எனக்கு விரலில் சின்னக் கொப்புளம், ஆறிவிட்டது. இங்கே வேலையில் மேலாளர் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கச் சொல்லி, புது ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்.

"ஒரு ஆளுக்கு எதுக்குக்கா இவ்ளோ பெரிசு? கண்ணாடியில சின்னதா எடுங்க, சூடு நல்லா நிக்கும்" என்றார் நேற்று ஃப்ளாஸ்க் வாங்கப் போனபோது கடைக்காரர்.

"வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் பத்தாதுங்க."

"அவரும் இங்கதான் இருக்காரா?"

பெரிய ஸ்டீல் ஃப்ளாஸ்கையே எடுத்துக் காசைக் கொடுத்தேன். கண்ணாடி, பெட்டியில் ஊர்வரை தாங்காது.

இது நிற்குமா என்று நம் சமையலறை மேல்தட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இங்கே யாருக்கும் இன்னும் தெரியாது.