மின்னலுக்கு ஏது கடிகாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா?

எங்கெங்கோ வெட்டும் மின்னல்கள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சலை எண்ணுவதுதான் என் வேலை என்று சொல்லியிருக்கிறேனே. வெகுநேரம் சும்மா கிடக்கும். திடீரென்று சடசடவென நாற்பது வரும். போன வாரம் பதிவைப் புரட்டிப் பார்த்தால், பதினொரு நிமிடத்துக்கு ஒன்று, தவறாமல் வந்திருந்தது. எதையோ கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்துக்கொண்டு போய்த் தலைமைப் பொறியாளரிடம் காட்டினேன்.

"மின்னலுக்கு ஏதும்மா கடிகாரம்? இது மனுஷன் பண்றது. உன் ரூம்ல என்ன ஓடுது?" என்றார்.

என் ஹீட்டர்தான், அப்பா. அது தானாக அணைந்து எரியும்போதெல்லாம் ஒரு 'டப்'. ஹீட்டர் வந்ததிலிருந்து எடுத்த மூன்று வாரப் பதிவும் குப்பைக்குப் போனது. ஹீட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிரிப்புத்தான் வந்தது. இனி முதலிலிருந்து எண்ண வேண்டும். இப்போதே கண் எரிகிறது.

கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்புங்கள். தபால் எடுத்துப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

ஒன்று மட்டும். ஞாயிறு ஆறு மணிக்கு அலாரம் வைத்துத்தான் எனக்குப் போன் செய்கிறீர்களாம், அம்மா சொன்னாள். நடுவில் என்றைக்காவது, நேரம் பார்க்காமல், சும்மா கூப்பிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்