வெட்டாத கான்

18.03.2025, செவ்வாய்
மண் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்துகிடந்த கழிவு அமிலத்தை ஒருவழியாகக் கொழும்பு லொறி ஏற்றிக்கொண்டு போனது. அமிலம் இருந்த வெறும் பிளாஸ்ரிக் கான்கள் என் தலையில். சுண்ணாம்பு போட்டுக் கழுவி, வெட்டித்தான் எறியவேண்டும். வெட்டாவிட்டால் யாராவது தண்ணீர் அள்ளக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் சனத்துக்குக் கான் என்றால் உயிர். பாதி முடிந்தது. மிச்சம் நாளைக்கு.

பின்னேரம் என்னை ஏற்ற வந்த இவர் வெட்டிய கான்களைப் பார்த்து முகம் சுளித்தார். “நல்ல கானை ஏனப்பா பாழாக்கிறீர்?” காரணத்தைச் சொன்னேன். காதில் விழுந்ததோ தெரியாது. “முள்ளிவாய்க்கால்ல எங்களிட்ட ஒரு கான் இருந்திருந்தா, அம்மா தண்ணி தண்ணியெண்டு செத்திருக்கமாட்டா” என்றார்.

19.03, புதன்
கழுவாத கான் ஒன்றைக் காணவில்லை. காவலாளி அப்புத்துரை அண்ணையைக் கேட்டேன். “உம்மட விஜிதரன்தானே காலமை வந்து கொண்டுபோனவர். நீர் சொன்னதெண்டார்.”

உடனே போன் எடுத்தேன். அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் —

20.03, வியாழன். ஆஸ்பத்திரி.
கானின் அடியில் அமிலம் கிடந்திருக்கிறது. இவர் கிணற்றடியில் வைத்து அதற்குள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கொதித்துச் சீறியது முழுக்க முகத்தில். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா ஓடிவந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினாவாம். கண் இரண்டிலும் கட்டு.

“நீர் வெட்டிப்போடுவீரெண்டுதான் ஒளிச்சுக் கொண்டந்தனான்.”

ஐயோ, ஒரு பிளாஸ்ரிக் கானுக்கு. கேட்டிருந்தா கடையில வாங்கித் தந்திருப்பனே. கோவமா வருகுது. ஏசவும் மனம் வருகுதில்லை.

26.03, புதன்
ஒரு கண் போய்விட்டது என்றார் டொக்ரர். மற்றதைக் கட்டு அவிழ்த்தால்தான் சொல்லலாமாம். ஒன்று போதும். அந்த ஒன்றாவது.

04.04, வெள்ளி
கட்டை அவிழ்த்தார்கள். மருந்துத் தட்டோடு நின்ற தாதி ஒன்றும் பேசாமல் குனிந்து பார்த்தாள். இவர் அவளின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

“சுமி, நல்லா இளைச்சுப் போனீர்.”

தாதி என்னைப் பார்த்தாள். நான் சத்தமில்லாமல் கட்டிலைச் சுற்றிப் போய், அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, “ஓம், சாப்பாடு சரியில்லை” என்றேன்.